நானூற்றுப் பதினெட்டாம் வரி

ஞாயிற்றுக்கிழமை கீழக்கரையில் ஜாஃபரின் தங்கைக்கு நிக்காஹ். வாப்பா இல்லாத வீட்டில் அவன்தான் முன்நின்று அவளைக் கொடுக்க வேண்டும். நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் காட்டும் ஒரே பிழையைச் சரிசெய்துவிட்டால் லீவு என்று, வெளிநாட்டில் அவன் வேலை பார்க்கும் ஃபேரர் பார்க் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

பிழை 418ஆம் வரியில் இருப்பதாகக் கம்பைலர் காட்டியது. ஃபைலில் இருந்தவை 417 வரிகள்.

"இல்லாத வரியில எப்படிடா தப்பு வரும்? போய் ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வா," என்றான் பக்கத்து மேசை கேலப்.

ஜாஃபர் ஃபைலை இரண்டாகப் பிரித்தான். இரண்டிலுமே கடைசி வரிக்கு அடுத்த வரியில் பிழை வந்தது. மறுபடியும் ஒன்றாகச் சேர்த்தான். 418 திரும்பி வந்தது.

எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். அந்தப் பதிவையும் திறந்தான். கேலப் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"418க்கு நேரா உன் பேருதான் போட்டிருக்கு. சண்டே மத்தியானம் ஒன்னரை மணியாம். இன்னைக்கு ஃப்ரைடேதான் லா!"

ஞாயிறு அந்த நேரம், இரண்டரை மணி பின்தங்கிய கீழக்கரையில் மணி பதினொன்று. நிக்காஹ் ஓதும் நேரம்.

ஜாஃபர் விமான டிக்கெட்டை ரத்து செய்தான். பிறகு 417ஆம் வரிக்குக் கீழே கர்சரை வைத்துவிட்டு, ஞாயிறு ஒன்றரை மணிக்காகக் காத்திருந்தான்.