வேல்மதியின் நடை

பாளையங்கோட்டையில் அந்த மகளிர் கல்லூரியின் வகுப்பறைக் கதவுக்கு முகம் ஒரு பொருட்டே இல்லை. நடையைப் பார்த்தே பெயர் சொல்லி அழைத்து, வருகையைப் பதிந்துகொள்ளும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் முறிந்து, ஊன்றுகோலோடு திரும்பிய வேல்மதியை மட்டும் அதற்கு யாரென்றே தெரியவில்லை. தினமும் ஆப்சென்ட். இப்படியே போனால் பரீட்சை எழுத முடியாது.

"ஏட்டி, நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள் அவளுடைய விடுதி அறைத்தோழி பியூலா. அடுத்தவளுக்காக வருகை சொல்லி ப்ராக்ஸி கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பியூலா கதவை நோக்கி நடந்தாள். இடது கை துப்பட்டா நுனியைப் பிடித்திருந்தது. குதிகால் தரையில் நிற்காமல் லேசாகத் துள்ளியது.

"வணக்கம், வேல்மதி" என்றது கதவு.

வேல்மதி குனிந்து தன் காலைப் பார்த்தாள். இந்தக் கால் இனி அப்படித் துள்ளாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நான் இவ்ளோ அழகாவா நடந்தேன்?"

"மூணு வருசமா பின்னாலயே வாறேன், எனக்குத் தெரியாதா?"

அடுத்து, தன் வருகைக்காகத் திரும்பிப் போய் மறுபடி நடந்து வந்தாள் பியூலா.

"வணக்கம், வேல்மதி."

இன்னொரு தடவை வந்தாள். அதே வணக்கம். பியூலாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏட்டி, என் நடை எனக்கே மறந்து போச்சு!"

வேல்மதி ஊன்றுகோலைத் தரையில் தட்டிச் சிரித்தாள். "தோள முன்னால தள்ளு. கைய நல்லா வீசு. கேன்டீன்ல கடைசி வடைக்குப் போவேல்லா, அந்த வேகத்துல வா."

"வணக்கம், பியூலா" என்றது கதவு.