ஒரு தலை அதிகம்

ஏழாம் வகுப்பில் ஒரு தலை அதிகமாக இருந்தது. தலைமை ஆசிரியை மறுபடியும் எண்ணிப் பார்த்தார். ஜன்னலோர பெஞ்சில் பூப்போட்ட சட்டையோடு ஒரு புதுப் பெண், ஏதோ வருஷக்கணக்காக அங்கேயே படிக்கிறவள் போல ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

டீச்சருக்குப் பகீரென்றது. எல்லாம் கணக்கு வாத்தியார் வேலைதான். ஒரே ஒரு பிள்ளை குறைகிறது என்பதற்காக, இந்த நடுநிலைப் பள்ளியை மூடி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்கள். "ஆய்வு அன்னைக்கு மட்டும் என் தங்கச்சி பொண்ணைக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிடறேன் டீச்சர்" என்று அவர் நேற்றே அடிபோட்டார். அந்தப் பேச்சே வேண்டாம் என்று கண்டித்தும் கேட்கவில்லையே! அதிலும், கடன் வாங்குகிற பிள்ளையை யூனிஃபார்மோடு வாங்கக் கூடாதா இந்த மனுஷன்?

"டீச்சர், பாத்ரூம்ல தண்ணி வருமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"அதெல்லாம் வரும். நீ வாயைத் திறக்காம உக்காரு, தாயே!"

அதற்குள் அதிகாரியின் ஜீப் வந்துவிட்டது. போன வாரம்தான் மாற்றலாகி வந்த அம்மா. சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பக்கத்துப் பள்ளிகளில் பயமுறுத்தியிருந்தார்கள்.

ஆனால் பிள்ளைகள் அன்று வெளுத்து வாங்கினார்கள். சைக்கிள் சக்கரத்தை நூலால் அளந்து சுற்றளவு சொன்னார்கள். கேள்வி முடிவதற்குள் கை தூக்கினார்கள். அதிகாரி ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டவர், ஜன்னலோரப் பெண்ணை மட்டும் விட்டுவிட்டார். டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கணக்கு வாத்தியார் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். "கடைசியில நீங்களே ஏற்பாடு பண்ணிட்டீங்களே! யாரு டீச்சர் அந்தப் பொண்ணு?"

"என்னது? உங்க தங்கச்சி பொண்ணு இல்லையா?"

"அவளுக்குக் காய்ச்சல். இவளை நான் பாத்ததே இல்லையே!"

இருவரும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்போதே அதிகாரி பேனாவைத் திறந்தார். "பிள்ளைங்க நல்லா படிக்கிறாங்க. எல்லா வகுப்புலயும் எண்ணிட்டேன், எண்ணிக்கையும் சரியா இருக்கு. பள்ளிக்கூடம் நடக்கட்டும்னு எழுதிடலாமா?"

ஒரு தலையாட்டல் போதும், பள்ளி பிழைத்துவிடும். டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் இத்தனை பிள்ளைகளையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டு பொய் சொல்ல மனசு வரவில்லை.

"இல்லை மேடம். அந்த ஜன்னலோரப் பொண்ணு எங்க ஸ்கூல் இல்லை. யாருன்னே தெரியலை. நிஜத்துல ஒரு பிள்ளை குறையுது."

கணக்கு வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதிகாரி பேனாவை மூடினார். ஜன்னல் பக்கம் திரும்பி, 'என்ன?' என்பது போலப் புருவத்தை உயர்த்தினார்.

அந்தப் பெண் துள்ளி எழுந்தாள். "அம்மா, எனக்கு வேற ஸ்கூல் பாக்கவே வேணாம், என்னை இங்கேயே சேத்துவிடு!"