மெழுகிட்ட நாற்காலி

மேடை நடுவே எங்கள் வீட்டு நாற்காலி நிற்கிறது. நடனத்துக்கென்று மாஸ்டர் செய்துவைத்த பலகை நாற்காலி எங்கள் குடும்பத்துப் பெண்ணுக்கு அழகில்லை என்று நான்தான் மாற்றச் சொன்னேன். மேல்விளக்கின் ஒளி அதன் இருக்கையில் தண்ணீர்போல் தேங்கிக் கிடக்கிறது. மனைவி என் காதருகே குனிகிறாள். "ஏங்க, அதுல என்னத்தப் பூசுனீங்க?" "மெழுகு. பளபளன்னு இருக்கட்டும்னு காலையில தேய்ச்சேன்." "அவ அதுமேல ஏறி ஒத்தக்கால்ல சுத்தணுமேங்க." கைத்தடியின் பிடி என் வியர்வையில் நழுவுகிறது. மகள் புன்னகையோடு நாற்காலியைச் சுற்றி வந்து, வலது பாதத்தை இருக்கையில் வைக்கிறாள். அது ஒரு விரல் அளவு வழுக்குகிறது. புன்னகை அப்படியே இருக்கிறது. கண்கள் மட்டும் இருட்டில் என்னைத் தேடுகின்றன. தாளம் வேகமெடுக்கிறது. இடது குதிகால் தரையைவிட்டு எழும்புகிறது. சபையில் குரல் உயர்த்தியவர்கள் எங்கள் குடும்பத்தில் யாருமில்லை. நான் எழுந்து நிற்கிறேன். "பாப்பா, இறங்கு. வழுக்கும்." வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. "பெருசு, உக்காரு, மறைக்குது," என்கிறது பின்வரிசை. அரங்கமே சிரிக்கிறது. சிரிக்கட்டும். அவளுடைய இரண்டு பாதங்களும் தரைக்கு வரும்வரை நான் உட்காரப்போவதில்லை.