ஈரத்துணிக்குள் மீட்டர்

மத்தியான வெயிலில் தகரக் கூரை பட்பட்டென்று சத்தமிடுகிறது. வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காக வரிசையாகப் போட்ட கொட்டகைகளில் இது ஏழாவது. வெப்பம் அளக்கும் கருவியை ஒவ்வொன்றிலும் மாட்டிவிட்டுப் போன ஆய்வாளருக்கு இங்கே மீட்டரம்மா என்றுதான் பெயர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல நிற்கிறாள். எந்தக் கொட்டகைகளுக்குக் கூரை மாற்றுவது என்ற அறிக்கை மாலைக்குள் போயாக வேண்டும்; இந்த வீட்டுக் கணக்கு மட்டும் மூன்று வாரமாக முப்பது டிகிரியைத் தாண்டவே இல்லை. கூரைக்கடியில் அவள் அடித்த ஆணி வெறுமனே இருக்கிறது. "மீட்டர் எங்கக்கா?" வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் கைவிட்டு, ஈரத்துணியில் சுற்றிய பொட்டலத்தைப் பெருமையாக நீட்டுகிறாள். "கண்ணு மாதிரி பாத்துக்கோங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. அங்க தொங்கினா வெந்துபோயிடும். மணிக்கொரு தரம் துணிய நனைச்சு நனைச்சு வெக்கிறேன்." மீட்டரம்மா பொட்டலத்தை வாங்கிப் பிரிக்கிறாள். பைக்குள் கைபேசி அதிர்கிறது, நிற்கிறது, மறுபடி அதிர்கிறது. அதை எடுக்காமல், மீட்டரைத் துடைத்து ஆணியில் மாட்டுகிறாள். சின்னத் திரையில் எண் ஏறுகிறது: முப்பத்தாறு, முப்பத்தொன்பது, நாற்பத்திரண்டு. இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். வீட்டுக்காரி கையைப் பிசைகிறாள். "போதும்மா, எடுத்துடுங்க. கெட்டுப்போயிடப் போகுது." ஆணிக்கு நேர் கீழே, பாயில், அவளுடைய கைக்குழந்தை வாயைத் திறந்தபடி தூங்குகிறது.