குப்பைக்குப் போன மாத்திரை

குப்பைக் கூடைக்குள் மூன்று டப்பாக்கள் கிடந்தன. மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை. மூன்றிலும் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னம்மா இது, நல்ல மாத்திரையைப் போய் குப்பையில போட்டு வெச்சிருக்கே?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சின்னவள் திரும்பவில்லை. "எனக்கு ஒத்துக்கலைக்கா."

பொய்! ஒத்துக்கொள்ளாமலா முகம் இப்படிப் பளபளக்கிறது?

இருவரும் ஓரகத்திகள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனாலும் சேர்ந்து கடைக்குப் போனால், "உங்க பொண்ணாம்மா?" என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்கள். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மூத்தவளுக்கு அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது.

எல்லாம் மூத்தவள் கண்ணால் வந்த வினை. இரண்டு கண்ணுக்குக் கீழேயும் பை கட்டித் தொங்கவிட்டது போல வீக்கம். டிராவல்ஸ் ஆபீஸில் முன்வரிசை மேஜை அவளுடையது. டிக்கெட் எடுக்க வருகிறவர்கள் ஊர் பேரைச் சொல்வதற்கு முன்னால், "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்பார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் அந்த வீக்கத்தை எடுக்க ஆபரேஷன் செய்துகொள்வதென்று முடிவு செய்தாள்.

துணைக்குச் சின்னவளை அழைத்துப்போனது தப்பாகப் போயிற்று.

லேடி டாக்டர் சின்னவளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "எல்லாருக்கும் உங்களை மாதிரி சருமம் இருந்தா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்!"

அதற்குப் பிறகு டாக்டர் பேசியது ஒன்றும் மூத்தவள் காதில் ஏறவில்லை. எதையோ நிறுத்தச் சொன்னார், எதையோ சாப்பிடக் கூடாது என்றார். சின்னவள்தான் மாய்ந்து மாய்ந்து கேள்வி கேட்டாள். ஆபரேஷன் எனக்கு, இவளுக்கு என்ன வந்தது என்று மூத்தவள் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சின்னவள் குளிக்கப் போனதும் மூத்தவள் அவளுடைய அலமாரியைத் திறந்தாள். அந்தப் பளபளப்பெல்லாம் இந்த டப்பாக்களில்தானே இருக்கிறது! ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அதுவே தினமும் பழக்கமாகிவிட்டது. கண்ணாடியில் பார்க்கும்போது கொஞ்சம் நிறம் கூடியிருப்பது போலக்கூடத் தோன்றியது.

இப்போது எல்லாம் குப்பையில்!

மாத்திரை குறைவதைக் கண்டுபிடித்திருப்பாள். ஒன்றுகூட எனக்குக் கிடைத்துவிடக் கூடாது, நான் நன்றாக ஆகிவிடக் கூடாது. அதற்காகத் தன்னுடையதையே கொட்டிவிட்டாளே, என்ன ஒரு பொறாமை!

நேராகக் கேட்க வழியில்லை. அதனால் மூத்தவள் வேறு வழி பிடித்தாள்.

"அத்தை, கொஞ்சம் இங்கே வந்து பாருங்க. உங்க சின்னப் பிள்ளை நாயா உழைக்கிறது எங்கே போகுதுன்னு நீங்களே பாருங்க!"

மாமியார் வந்து எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். "வாங்கும்போது இதுதான் வேணும், அதுதான் வேணும்னு குதிச்சே. இப்போ கொட்டறியா? அருமை தெரியாம வளர்ந்தா இப்படித்தான்!"

சாயங்காலம் வேலை முடிந்து வந்த கொழுந்தனும் தன் பங்குக்கு நாலு வார்த்தை கேட்டான்.

சின்னவள் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் மூத்தவளுக்குச் சாப்பாடு ருசித்தது.

ஆஸ்பத்திரியில் காரணம் சொல்லாமல் ஒரு வாரம் தள்ளிவைத்திருந்த ஆபரேஷன் நாளும் வந்தது. மூத்தவள் செருப்பை மாட்டும்போது, பையில் மாற்றுத்துணியும் துண்டும் அடுக்கிக்கொண்டு சின்னவள் வாசலில் தயாராக நின்றாள்.

"நீ எதுக்கு? என் வீட்டுக்காரர்தான் வர்றாரே."

"அவர் ஆம்பளைக்கா. உள்ளே உங்களுக்கு ஏதாவது வேணும்னா?"

மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எப்படி ஆகப்போகிறேன் என்று முதலில் பார்க்க ஆசை போலிருக்கிறது!

ஆஸ்பத்திரியில் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் கண்ணுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. அந்த மூணு மாத்திரையும் நிறுத்தி ரெண்டு வாரத்துக்கு மேல ஆயிடுச்சு இல்லையா?"

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எந்த... எந்த மாத்திரை?"

"மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு. மத்த நேரத்துல சாப்பிட்டா பரவாயில்லை. ஆபரேஷன் சமயத்துல அதெல்லாம் ரத்தத்தை லேசுல உறைய விடாது. நான் கை வைக்கப்போறது கண்ணு பக்கத்துல. உள்ளே ரத்தம் கட்டிக்கிட்டா பார்வைக்கே ஆபத்தாயிடும். முதல் நாளே படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா!"

அவள் கை கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டது.

"நான் சாப்பிட்டேன்னு... யார் சொன்னாங்க டாக்டர்?"

"உங்க ஓரகத்திதான். தெரிஞ்ச அன்னைக்கே ஃபோன் பண்ணிட்டாங்க. அதனாலதான் உங்க தேதியை ஒரு வாரம் தள்ளி வெச்சேன்."

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"'எங்கக்கா மேல ஒரு தப்பும் இல்லை டாக்டர், நான்தான் சத்து மாத்திரைன்னு சொல்லி வற்புறுத்திக் குடுத்துட்டேன்'னு ஒரே அழுகை. சின்னப் பொண்ணு, பாவம். அவங்களை வீட்ல யாரும் திட்டாம பார்த்துக்கோங்கம்மா!"