சங்குக்கு மணி சொன்னவர்கள்

ஒரு நூல் மில்லில் புதிதாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை மாட்டினார்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும், மலிவுச் சரக்கு. ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஆன்டெனா வழியாகச் சாட்டிலைட்டுகளிடம் மணி கேட்டு, மில் முழுக்கச் சொல்வது அதன் வேலை.

ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு ஊதும் சங்கு, "தம்பி, மணி என்ன?" என்று கேட்டது.

"தெரியாதுண்ணே. கரண்ட் போனா எனக்கு எல்லாம் மறந்துடும். மேலே கேட்டிருக்கேன், கொஞ்சம் பொறுங்க" என்றது கம்ப்யூட்டர்.

சுவர்க் கடிகாரம் சிரித்தது. "மணி சொல்லத்தானே உன்னை வாங்கினாங்க? சங்கண்ணே, மணி பன்னிரண்டரை. ஊதுங்க."

ஆட்கள் நேரத்தோடு வரவேண்டுமென்று மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைக் கால் மணி நேரம் கூட்டி வைத்திருந்தார். அது கடிகாரத்துக்கே தெரியாது.

சங்கு ஊதியது. மில்லே தட்டும் கையுமாகக் கேன்டீன் வாசலில் வந்து நின்றது. சமையல்காரர் பொன்னுரங்கம் கரண்டியோடு வெளியே வந்து, கூரைமேல் இருந்த சங்கை அண்ணாந்து பார்த்தார். "சோறே இன்னும் வடிக்கல, யாருக்குடா சங்கு ஊதுறே?"

மறுவாரமும் கரண்ட் போய் வந்தது. சங்கு மணி கேட்டது. "தெரியாதுண்ணே" என்றது கம்ப்யூட்டர். சங்கு ஊதாமல் காத்திருந்தது.

கடிகாரத்துக்குப் பொறுக்கவில்லை. "என்னைக் கேக்கலாமில்ல? நான் என்னைக்காவது தெரியாதுன்னு சொல்லியிருக்கேனா?"

"இல்லப்பா" என்றது சங்கு. "அதான் பயமா இருக்கு."