அடி இல்லாத வீடு

"இதுல நீங்க விளையாட்டுன்னு போட்டிருக்கீங்க ஸார். நான் அடின்னு போட்டிருக்கேன்."

பேராசிரியரான அவனிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஜெபசெல்வி, வீடியோவைப் பின்னால் ஓட்டினாள்.

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதில் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும்.

மழலையர் பள்ளிக் குழந்தைகளை ஒவ்வொருவராக ஒரு பொம்மை வீட்டோடு விட்டுவிட்டு, என்ன செய்கிறார்கள் என்று படம் பிடித்திருந்தார்கள். அடிதடி உள்ள வீட்டுக் குழந்தைகள் ஒரு பக்கம். இல்லாத வீட்டுக் குழந்தைகள் ஒரு பக்கம். பெரியவர்களின் மூர்க்கம் குழந்தைகளிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் அவன் ஆராய்ச்சி. மேடையேறி அதைப் பற்றிப் பேசினான் என்றால் கூட்டம் வாய்மூடிக் கேட்கும்.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, குழந்தை செய்வது விளையாட்டா, அடியா, அன்பா என்று குறிக்க வேண்டும். ஒத்துவராத இடத்தில் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். எது யார் வீட்டுக் குழந்தை என்று இரண்டாவது ஆளுக்குத் தெரியக்கூடாது. அந்த விதியைப் போட்டவனே அவன்தான்.

அதனால் திரையில் இருக்கும் சிறுமி அவன் மகள் என்று ஜெபசெல்விக்குத் தெரியாது.

மகளை அடி இல்லாத வீடுகளின் பக்கம் சேர்த்ததும் அவன்தான்.

பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சேர்க்கவில்லை. மகள்மேல் அவன் சுண்டுவிரல்கூடப் பட்டதில்லை. மனைவியிடம் கை நீட்டியதெல்லாம் மகள் தூங்கிய பிறகுதான், கதவைச் சாத்திக்கொண்டுதான். சாத்திய கதவின்மேல் அவனுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. மனோதத்துவம் படித்தவன், பாவம்.

"இங்க பாருங்க ஸார்."

மகள் ஆண் பொம்மையை எடுத்தாள்.

அதன் மணிக்கட்டிலிருந்து எதையோ கழற்றினாள். பொம்மையின் கையில் ஒன்றுமே இல்லை. கழற்றியதைப் பத்திரமாக மேசைமேல் வைத்தாள்.

பொம்மை வீட்டின் அறைக்கதவைச் சாத்தினாள்.

பிறகு அந்தப் பொம்மையின் கையால் புடவை கட்டிய பொம்மையை அடித்தாள். நிறுத்தினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் அடித்தாள்.

"இது அடிதானே ஸார்? ஆனா அதுக்கு முன்னாடி கையிலருந்து என்னத்தையோ கழட்டுது. அதுதான் எனக்குப் பிடிபடல."

அவனுக்குத் தெரியும்.

கடிகாரம். கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. கீறல் விழுந்துவிடக் கூடாதென்று முதலில் அதைக் கழற்றி வைத்துவிடுவான்.

முதல் தடவை பார்த்தபோது இந்த இடத்தில்தான் படத்தை நிறுத்தினான். விளையாட்டு என்று குறித்துவிட்டு எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான்.

"சரி. அடின்னே போடுங்க" என்றான்.

"இன்னொண்ணும் இருக்கு ஸார். இதுக்குக் கொஞ்சம் முன்னால. நீங்க குறிக்காமலே விட்டுட்டீங்க."

மறுபடி பின்னால் ஓட்டினாள்.

மகள் ஒரு சின்னப் பொம்மையைக் கட்டிலில் கிடத்தினாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். கைக்குட்டையை இழுத்துத் தலைவரைக்கும் போர்த்திவிட்டாள். குனிந்து அதன் காதில் என்னமோ சொன்னாள்.

"எவ்வளவு அழகா தூங்க வைக்குது பாருங்க. அன்புன்னு போட்டிருக்கேன். காதுல என்ன சொல்லுதுன்னுதான் சரியா கேக்கல."

"விடுங்க ஜெபசெல்வி."

"ஒரு நிமிஷம் ஸார்."

அவள் சத்தத்தைக் கூட்டினாள். முதலில் மின்விசிறியின் இரைச்சல். அதற்குள்ளிருந்து மகளின் குரல்.

"கண்ணத் தொறக்காத. அப்பா பாத்துருவாரு."

திரையில் மகள் நிமிர்ந்து, ஆண் பொம்மையை எடுக்கக் கை நீட்டினாள். ஜெபசெல்வி படத்தை அப்படியே நிறுத்தினாள்.

"அய்யோ" என்றாள். "யாரு பெத்த புள்ளையோ."

அவன் எழுந்தான். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியே வந்தான்.

வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தான். சிக்னலில் பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும். இன்றைக்கே. காலில் விழச் சொன்னாலும் விழ வேண்டும். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. ஹெல்மெட் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

வீட்டில் மகள் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய மீன். பாதி மீன் ஆரஞ்சு நிறமாகியிருந்தது.

மனைவி அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கு எதிரில் வேண்டாம் என்று நினைத்தான். அது மேலும் பயந்துவிடும். குரலை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்துக்கொண்டான்.

"பிரமிளா, கொஞ்சம் உள்ள வா. உங்கிட்ட பேசணும்."

மனைவி தோசையைத் திருப்பிப் போடவில்லை. அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல் அறைக்குள் போனாள்.

மகள் கிரேயானை டப்பாவில் போட்டு மூடினாள். யாரும் சொல்லாமலே எழுந்து போய்க் கட்டிலில் ஏறினாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.